வடசென்னையிலிருந்து பழவேற்காடு வரை: சமவெளிச் சாலைகளில் சைக்கிள் பயணம்

தண்டையார்பேட்டையில் வசிக்கும் நண்பர் ஒருவர், ஒல்லி டயர் கொண்ட ரோடு பைக் வகைச் சைக்கிள் வாங்கி ஆறு மாதமாக ஓட்டிப் பழகியவர், என்னிடம் கேட்டது இது: "சென்னையில் யாரைக் கேட்டாலும் கிழக்குக் கடற்கரைச் சாலையைத்தான் சொல்கிறார்கள். திருவான்மியூரை எட்டுவதற்கே நான் நகரம் முழுவதையும் கடக்க வேண்டும். வடக்குப் பக்கத்தில், கடலுக்கு அருகே, வயல்களின் நடுவில் மேடில்லாமல் ஓட்டக்கூடிய சாலைகள் உண்டா? நீண்ட தூரத்துக்குப் புதியவன் நான், நம்பிப் போகலாமா?"

உண்டு, போகலாம். திருவொற்றியூரிலிருந்து பழவேற்காடு வரையிலும், அங்கிருந்து பொன்னேரி வழியாக மேற்கே ஆரணி ஆற்றங்கரை வரையிலும் பல ஆண்டுகளாக ஓட்டி வருகிறேன்; இந்த நிலத்தின் மேல் எனக்கு ஆழ்ந்த பற்று உண்டு. ஆனால் இங்கே வழியைத் தூரத்தை வைத்துத் தேர்ந்தெடுப்பது தவறு. லாரிகள் எந்த நேரத்தில் எந்தச் சாலையில் ஓடுகின்றன, காற்று எந்த மாதத்தில் எந்தத் திசையிலிருந்து வீசுகிறது என்னும் இரண்டையும் தெரிந்துகொண்டு புறப்படுகிறவருக்கு 90 கிலோமீட்டர்கூட இன்பமான பயணமாக அமையும்; தெரியாமல் புறப்படுகிறவருக்கு 40 கிலோமீட்டரே தண்டனையாகிவிடும்.

முதலில் நிலத்தின் அமைப்பைச் சொல்கிறேன். மீஞ்சூருக்குத் தெற்கே கொசஸ்தலை ஆறு வந்து எண்ணூர்க் கழிமுகத்தில் கடலோடு சேர்கிறது. பொன்னேரியை ஒட்டி ஓடும் ஆரணி ஆறு பழவேற்காடு ஏரியை நோக்கிச் செல்கிறது. இந்த இரண்டு ஆறுகளும் காலங்காலமாகக் கொண்டுவந்து பரப்பிய வண்டல்தான் நீங்கள் ஓட்டப்போகும் தரை. அதனால்தான் மீஞ்சூரிலிருந்து பழவேற்காடு வரை ஏற்றம் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. ரயில் பாதைக்கு மேலே கட்டிய பாலங்களும் ஆற்றுப் பாலங்களும்தான் காலுக்குச் சற்று வேலை கொடுப்பவை. கடலுக்கு இணையாகப் பக்கிங்காம் கால்வாய் ஓடுகிறது. 1806-இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே வெட்டத் தொடங்கிய உப்புநீர்க் கால்வாய் பின்னர் பழவேற்காட்டுக்கும் அதற்கு அப்பாலும் நீண்டது. மீஞ்சூரிலிருந்து காட்டூர் வழியாக வடக்கே போகும்போது கடலுக்கும் உங்களுக்கும் நடுவில் அது வலப்புறத்தில் இருக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் வழி தவறுவது அரிது.

உண்மையான சிரமம் நகரத்தை விட்டு வெளியேறும் முதல் 20 கிலோமீட்டரில் இருக்கிறது. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலை ஒட்டிச் செல்லும் விரைவுச் சாலை பார்வைக்கு மிக அழகானது. விடியும் நேரத்தில் வலப்புறம் கடல் சிவந்து எழுவதைப் பார்த்துக்கொண்டே ஓட்டலாம். ஆனால் அது துறைமுகத்துக்குச் செல்லும் கன்டெய்னர் லாரிகளின் சாலை. டிரெய்லர் ஒன்று நம்மைக் கடக்கும்போது முன்பகுதி விலகிப் போய்விட்டதாகத் தோன்றும். பின்பகுதி வளைவில் உள்பக்கமாக நம்மை நோக்கி ஒதுங்கும். ஆகவே டிரெய்லருக்கும் நடைமேடைக்கும் இடைப்பட்ட சந்தில் எந்தக் காரணத்துக்காகவும் நுழையக்கூடாது. அது நின்றுகொண்டிருந்தாலும் நுழையக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை அதிகாலை 5 மணிக்கு இந்தச் சாலையில் போக்குவரத்து ஓரளவு தணிந்திருக்கும். மற்ற நாட்களில் நான் அதைத் தொடுவதில்லை.

மற்றொரு வழி, திருவொற்றியூரிலிருந்து மணலி, மணலி புதுநகர், வல்லூர் வழியாக மீஞ்சூரையும் பொன்னேரியையும் தொட்டுப் பஞ்செட்டியில் தேசிய நெடுஞ்சாலையைச் சேரும் சாலை. திருவொற்றியூர், பொன்னேரி, பஞ்செட்டி ஆகிய மூன்று ஊர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து டி.பி.பி. சாலை என்று எல்லாரும் அழைப்பது இதைத்தான். இதிலும் லாரிகள் உண்டு. சாலையோரம் வரிசையாக நிறுத்தியும் இருப்பார்கள். நின்றிருக்கும் லாரியின் மறைவிலிருந்து ஆள் சட்டென்று வெளியே வரக்கூடும் என்பதால், ஒரு கதவின் அகலத்துக்கு விலகியே ஓட்ட வேண்டும். பெரம்பூர், மாதவரம் பக்கத்தில் இருப்பவர்கள் ஜி.என்.டி. (கிராண்ட் நார்தர்ன் டிரங்க்) சாலையைப் பிடித்துச் செங்குன்றம், காரனோடை வழியாகத் தச்சூர் கூட்டுச்சாலைக்குப் போய், அங்கிருந்து கிழக்கே திரும்பிப் பொன்னேரியை அடையலாம். அகலமான சாலை என்றாலும் வண்டிகளின் வேகம் அதிகம். புதியவர்களுக்கு நான் சொல்வதில்லை. வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரும் 62 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலையைப் பலர் புகழ்கிறார்கள். தளம் வழுவழுப்பானது என்பது உண்மை. நிழலோ, கடையோ, பார்ப்பதற்கு ஏதேனுமோ இல்லாத அந்தச் சாலையில் வேகப் பயிற்சி செய்யலாம். நாட்டுப்புறத்தைப் பார்க்க வந்தவருக்கு அங்கே வேலை இல்லை.

என் பரிந்துரை, முதல் இரண்டு மூன்று பயணங்களுக்குச் சைக்கிளைக் காரிலோ சிறு வேனிலோ ஏற்றி மீஞ்சூர் வரை கொண்டுபோய் அங்கிருந்து தொடங்குவது. மீஞ்சூரை மையமாக வைத்தால் பழவேற்காடு போய்ப் பொன்னேரி வழியாகத் திரும்பும் சுற்று 50 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். திருவொற்றியூரிலிருந்து தொடங்கினால் ஏறக்குறைய 90. அந்த 40 கிலோமீட்டர் வித்தியாசத்தில் கிடைப்பதெல்லாம் புகையும் ஹாரன் சத்தமும்தான். அவற்றைச் சமாளிக்கும் பழக்கம் தானாக வரும்போது வரட்டும்.

இனி அந்தச் சுற்றுக்கு வருகிறேன். மீஞ்சூரில் ரயில் பாதைக்குக் கிழக்கே வந்து, காட்டூர் வழியாகத் திருப்பாலைவனம் செல்லும் சாலையைப் பிடியுங்கள். முதல் சில கிலோமீட்டர் வரை தெற்கே அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் கண்ணுக்குத் தெரியும். அவை பின்வாங்கப் பின்வாங்கச் சாலை குறுகி, இருபுறமும் வயல்களும் ஏரிக்கரைகளும் பனை வரிசைகளும் தொடங்கும். காட்டூர் ஏரியும் அதையடுத்த தத்தமஞ்சி ஏரியும் நிறைந்திருக்கும் தை மாதத்தில் இந்தச் சாலைக்கு ஈடாகச் சென்னையைச் சுற்றி வேறொன்றை என்னால் சொல்ல முடியாது. பனிமூட்டம் வயலின் மேல் முழங்கால் உயரத்துக்குப் படிந்திருக்க, நத்தைகுத்தி நாரைகள் வரப்புகளில் நிற்கும். எதிரே பால் கேன் கட்டிய மொபெட்டுகளும் பள்ளிப் பேருந்தும் தவிர நெடுநேரம் எதுவும் வராது. கிழக்கே போகப் போக நெல் குறைந்து உவர்நிலம் தலைகாட்டும். மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்ததால் கடல்நீர் உள்ளே புகுந்த வரலாறு நெடுங்காலமாக ஆராயப்பட்டு வருவது. அதன் அடையாளத்தைச் சைக்கிளில் போகிறவர் பயிரின் நிறத்திலேயே பார்க்கலாம். பச்சை எங்கே வெளிறுகிறதோ, அங்கே தண்ணீர்ப் பாட்டிலை நிரப்ப முயலாதீர்கள். கிணற்றிலும் குழாயிலும் வருவது உப்புத் தண்ணீராக இருக்கக்கூடும்.

திருப்பாலைவனத்தில் பாலீஸ்வரர் கோயில் இருக்கிறது. அங்கே பொன்னேரியிலிருந்து வரும் சாலையோடு சேர்ந்து வலப்பக்கம் திரும்பினால் பழவேற்காடு வரை ஒரே சாலைதான். கடைசிச் சில கிலோமீட்டரில் மரங்கள் விலகி, வானம் திடீரென்று பெரிதாகும். இரு மருங்கிலும் சேறும் ஆழமில்லாத நீரும் பரந்து கிடக்கும். பழவேற்காடு, ஒடிசாவின் சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. அதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருந்தாலும் தெற்கு முனை நம்முடையது. வலசை வரும் பூநாரைகளை மழைக்காலம் முடிந்து கோடை தொடங்கும் வரை பார்க்கலாம். சைக்கிளில் வருகிறவருக்கு ஓர் அனுகூலம் உண்டு: மோட்டார் வண்டியின் சத்தத்துக்கு எழும்பிப் பறந்துவிடும் பறவைகள், நாம் ஓசையின்றி வந்து நிற்கும்போது இடத்தை விட்டு நகர்வதில்லை.

பழவேற்காட்டில் அரை மணி நேரமாவது இறங்கி நடக்க வேண்டும். டச்சுக்காரர்கள் 1613-இல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள்; ஆங்கிலேயர் சென்னையில் காலூன்றுவதற்கு முன்பே இது சோழமண்டலக் கரையின் பெரிய வணிகத் துறை. கோட்டையில் எஞ்சியது புதர்தான் என்றாலும், வாசலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் நிற்கும் டச்சுக் கல்லறை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இன்றும் நன்றாக இருக்கிறது. கடைத்தெருவில் காலை 7 மணிக்கே இட்லி கிடைக்கும். பனையோலைப் பெட்டி முடைவது இவ்வூர்ப் பெண்களின் கைத்தொழில். சிறியதாக ஒன்று வாங்கினால் சைக்கிள் சட்டையின் முதுகுப் பையில் அடங்கிவிடும்.

திரும்பும்போது திருப்பாலைவனத்தைத் தாண்டி நேரே பொன்னேரிக்குப் போங்கள். பேருந்துகள் ஓடும் சாலை என்பதால் காட்டூர்ச் சாலையைவிடத் தளம் உறுதியானது, ஆனால் காலை 8 மணிக்கு மேல் நெரிசல் கூடும். பொன்னேரி கடைவீதியில் சைக்கிளை மெதுவாக உருட்டிக்கொண்டு போவதே நல்லது. ரயில் பாதையைத் தரைமட்டத்தில் கடக்க நேர்ந்தால் தண்டவாளத்தைச் செங்கோணத்தில் கடக்க வேண்டும். சாய்வாகப் போனால் 25 மில்லிமீட்டர் டயர் தண்டவாளத்துக்கும் தளத்துக்கும் இடையே உள்ள பள்ளத்தில் இறங்கிவிடும். மழை பெய்திருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதில் வெட்கமே இல்லை.

எண்ணூருக்கு வடக்கே கடலோரத்தில் இருக்கும் காட்டுப்பள்ளியிலிருந்து கடலுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் நடுவே மணல்திட்டின் மேலேயே பழவேற்காட்டுக்குப் போகும் சாலை ஒன்றும் உண்டு. வரைபடத்தில் பார்க்கிறவர்கள் எல்லாரும் முதலில் அதைத்தான் கேட்பார்கள்: இடப்புறம் கால்வாய், வலப்புறம் கடல், நடுவில் சவுக்குத் தோப்புகளும் மீனவர் குப்பங்களும். அழகில் குறையில்லை. ஆனால் தெற்கு முனையில் துறைமுகங்களின் கனரக வண்டிகள். வடக்கே போகப் போக, கடல் கொந்தளிக்கும் காலங்களில் சாலையின் மேலேயே மணல் ஏறிக் கிடக்கும். ஒல்லி டயர் மணலில் புதைந்தால் கைப்பிடி திரும்பி விழுவது நிச்சயம். 40 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட டயர் உள்ள சைக்கிளில், இருவராக, மாசி பங்குனியில் போகலாம். உங்கள் ரோடு பைக்கில் வேண்டாம்.

காற்றைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் மேடில்லாத நாட்டில் காற்றுதான் மேடு. மலையில் ஏறியவர் இறங்கும்போது ஓய்வு பெறுவார்; சமவெளியில் எதிர்க்காற்று பிடித்துக்கொண்டால் சாலை திரும்பும் வரை விடாது. நீங்கள் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எதிரே 15 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், உங்கள் உடல் உணர்வது 40 கிலோமீட்டர் வேகக் காற்று. காற்றின் தடை வேகத்தின் இருமடியாகப் பெருகுவதால், அமைதியான காலையில் இருந்ததைப்போல் இரண்டரை மடங்கு தடையை நீங்கள் தள்ளிக்கொண்டு போகிறீர்கள். "திரும்பி வரும்போது பின்காற்று ஈடுகட்டிவிடும்" என்று சொல்வார்கள், ஈடுகட்டாது. போகும் 25 கிலோமீட்டரை மணிக்கு 20 வீதமும் வரும் 25-ஐ மணிக்கு 30 வீதமும் ஓட்டினால் சராசரி 25 ஆகாது, 24தான் ஆகும். மெதுவான பகுதியில் அதிக நேரம் செலவாவதே காரணம். எனவே காற்றோடு போராடுவதைவிட, அதன் காலத்தைப் பார்த்துப் புறப்படுவது மேல்.

வாடை, தென்றல், கொண்டல், கோடை என்று நான்கு திசைக் காற்றுக்கும் நம் மொழியில் தனித்தனிப் பெயர் இருப்பது வெறும் அலங்காரமன்று. இந்தக் கரையில் வாழ்கிறவருக்கு அதுவே நாட்காட்டி. ஐப்பசியில் தொடங்கித் தை வரை வடகிழக்கிலிருந்து வீசுவது வாடை. அப்போது பழவேற்காட்டுக்குப் போகும்போது முகத்தில் அடிக்கும், திரும்பும்போது முதுகில் தள்ளும். கால் புதிதாக இருக்கும் முதல் பாதியில் உழைத்து, களைத்த இரண்டாம் பாதியில் உதவி பெறுவதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. ஆகவே மழை ஓய்ந்த மார்கழி, தை, மாசி மாதங்களே வடக்குச் சுற்றுக்கு உரிய பருவம். மழை வலுத்திருக்கும்போது மட்டும் போகக்கூடாது. ஆரணி ஆறும் கொசஸ்தலையும் பெருகித் தரைப்பாலங்களை மூழ்கடிக்கும். தண்ணீர் ஓடும் தரைப்பாலத்தில் கணுக்கால் அளவே தெரிந்தாலும் சைக்கிளோடு இறங்காதீர்கள். அடியில் தளம் பெயர்ந்திருப்பது மேலிருந்து தெரியாது.

சித்திரை, வைகாசியில் இதன் நேர் எதிர். விடியலில் தெற்கிலிருந்து வரும் மெல்லிய காற்று வடக்கே சுகமாகத் தள்ளிக்கொண்டு போய்விடும். பழவேற்காட்டில் காலைச் சிற்றுண்டி முடித்துத் திரும்பும் 10 மணிக்கு வெயிலும் ஏறிவிடும், கடற்காற்றும் எழுந்துவிடும், அதுவும் தென்கிழக்கிலிருந்து முகத்துக்கு நேரே. நான் அறிந்தவரை இந்தச் சாலையில் தலைசுற்றி உட்கார்ந்தவர்கள் எல்லாரும் இந்தப் பொறியில் அகப்பட்டவர்களே. அந்த மாதங்களில் காட்டூர் ஏரி வரை மட்டும் போய், 8 மணிக்குள் மீஞ்சூருக்குத் திரும்பிவிடுங்கள்.

ஆனி, ஆடியில் காலை வேளைகளில் மேற்கிலிருந்து கோடைக் காற்று வீசும். அப்போது கடலை மறந்துவிட்டு, பொன்னேரியிலிருந்து மேற்கே ஆண்டார்குப்பம், தச்சூர் வழியாக நெடுஞ்சாலையைக் கடந்து, சிறுவாபுரி பக்கத்துக் கிராமச் சாலைகளைத் தேடிப் போங்கள். அங்கிருந்து ஆரணி வரை போய்த் திரும்பலாம் (திருவள்ளூர் மாவட்டத்து ஆரணியைச் சொல்கிறேன், பட்டு நெசவுக்குப் பேர்போன ஆரணி வேறு). போகும் வழி எதிர்க்காற்று; கடற்காற்று கிளம்புவதற்கு முன் திரும்பினால் வரும் வழி முழுக்கப் பின்காற்று. சிறுவாபுரி முருகன் கோயிலுக்குச் செவ்வாய்க்கிழமைகளிலும், அதற்கு அப்பால் பெரியபாளையத்துக்கு ஆடி ஞாயிற்றுக்கிழமைகளிலும் திரள் திரளாக மக்கள் போவார்கள். அந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். சாலை அவர்களுடையது.

சாலையின் மேல் கவனிக்க வேண்டியவற்றில் முதலாவது சீமைக் கருவேல முள். விறகு வெட்டி ஏற்றிச் செல்லும் வண்டிகளிலிருந்து உதிரும் முட்கள் சாலையோரத்தில் கிடக்கும். கண்ணாடித் துண்டைப்போலன்றி இவை டயருக்குள்ளேயே ஒடிந்து தங்கிவிடும். முள்ளை எடுக்காமல் டியூபை மட்டும் மாற்றி, அடுத்த கிலோமீட்டரிலேயே மறுபடியும் இறங்கிய அனுபவம் எனக்கு உண்டு. பஞ்சரானால் டயரின் உள்பக்கம் முழுவதையும் விரலால் மெதுவாகத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் புது டியூபைப் போட வேண்டும். இரண்டு டியூபும் ஒட்டுப் போடும் சாமானும் கைப்பம்பும் இல்லாமல் மீஞ்சூரைத் தாண்டாதீர்கள். ஊர்களில் சைக்கிள் கடைக்காரர்கள் அன்போடு உதவுவார்கள், ஆனால் உங்கள் சக்கரத்துக்கு ஏற்ற டியூப் அவர்களிடம் இருக்காது. டயர் 28 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். காற்றைக் கல்லைப்போல் அடைத்துக்கொண்டு போகிறவர்கள் ஒட்டுப்போட்ட தளத்தில் கைகள் மரத்துப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

அறுவடைக் காலத்தில், தை மாசியில், நெல்லைச் சாலையிலேயே காயப்போட்டிருப்பார்கள். பாதிச் சாலை நெல்லாகவும் பாதி வைக்கோலாகவும் இருக்கும். ஒரு தடவை வைக்கோலின் மேல் ஓட்டிப் போனபோது அது பின் கியரில் சுற்றி, கியரைத் தாங்கும் இரும்பை ஸ்போக்குகளுக்குள் இழுத்துவிட்டது. பொன்னேரி வரை ஆறு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு வந்தேன். வைக்கோலைக் கண்டால் இறங்கித் தூக்கிக்கொண்டு போங்கள். நெல்லின் மேல் ஒருபோதும் ஏறாதீர்கள். அது ஒரு குடும்பத்தின் ஆறு மாத உழைப்பு. காயப்போட்டவரிடம் "ஐயா, இந்தப் பக்கமா போகலாமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போனால், அவரே வழிகாட்டுவார், வெயில் நேரமானால் மோரும் தருவார்.

ஊர் தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் வெள்ளைக்கோடு இல்லாத வேகத்தடைகள் இருக்கும். விடியலுக்கு முன் போகும்போது முன்விளக்கு இவற்றைக் காட்டும் அளவுக்கு வலுவானதாக இருக்க வேண்டும். பின்னால் சிவப்பு விளக்கு பகலிலும் எரியட்டும். நாய் துரத்தினால் மிதிப்பதை நிறுத்தி, வேகத்தைக் குறைத்து, தேவைப்பட்டால் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நில்லுங்கள். ஓடுவதைத்தான் அவை துரத்துகின்றன.

தண்ணீரை மணிக்கு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் வரை குடிக்க வேண்டும், வியர்வையில் போகும் உப்பையும் ஈடுசெய்ய வேண்டும். மீஞ்சூரிலும் பொன்னேரியிலும் பாட்டிலை நிரப்பிக்கொள்ளுங்கள். நடுவிலுள்ள சாலையில் கடைகளை நம்ப முடியாது. வைகாசியில் பனைமரத்தடியில் நுங்கு விற்பார்கள்; அதைவிட நல்ல ஆகாரம் அந்த வெயிலில் வேறில்லை.

கடைசியாகச் சைக்கிளைப் பற்றி. பழவேற்காட்டின் உப்புக்காற்றும் எண்ணூர்ப் பக்கத்துச் சாம்பல் தூசியும் சேர்ந்தால் செயின் ஒரே இரவில் செந்நிறமாகிவிடும். வீட்டுக்கு வந்ததும், குளிப்பதற்கு முன்பே, நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள். வேகமாகப் பீச்சியடித்தால் பேரிங்குகளுக்குள் தண்ணீர் புகும். துணியால் துடைத்து, அரை மணி நேரம் நிழலில் உலரவிட்டு, செயினின் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். வெளியே தங்கும் எண்ணெய் அடுத்த பயணத்தின் மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இருக்கைத் தண்டை மாதம் ஒருமுறை உருவி, உள்ளே கிரீஸ் தடவி மறுபடி செருகுங்கள். கடற்கரையில் வருடக்கணக்கில் கழற்றாமல் விட்ட தண்டு சட்டத்தோடு ஒன்றாக இறுகிவிடும். பிறகு அதை எடுக்க அறுக்கத்தான் வேண்டியிருக்கும்.